ஊருக்கெல்லாம் ஒரே சாவி!

பதுளைக் கடைவீதியிலே ஒருவன் நூறு பூட்டுகளை விற்று, அந்த நூற்றுக்கும் ஒரே சாவியைக் கொடுத்தால் அவனை என்ன செய்வோம்? ஊர்கூடி நியாயம் கேட்போம், பொலிசிலே ஒப்படைப்போம். ஆனால், அதே காரியத்தை ரவுட்டர் என்றும் காவற்கமரா என்றும் பெயரிட்டு நாடெங்கும் செய்வோரை எவரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய அரசாங்கமோ, பூட்டை வாங்கி ஏமாந்தவனைப் பார்த்து, "நீ ஏன் கவனமாக இருக்கவில்லை?" என்கின்றது! இதுவே இன்று ஊவா மாகாணத்துச் சிறு வணிகரின் கதி.

பசறைப் பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். தோட்டத்து லயக் குடும்பங்கள் சம்பள நாள்வரை அரிசியும் மாவும் கடனாகப் பெறும் கடை அவருடையது. கடன் கணக்கு முழுவதும் கணினியிலே. கணினியையும் கமராவையும் வெளியூரிலிருந்தும் பார்க்க வசதி செய்து கொடுத்தவர், தாம் எல்லாக் கடைக்கும் வைக்கும் அதே கடவுச்சொல்லை இங்கும் வைத்துப் போயிருந்தார். ஒருநாள் காலையில் கணக்குத் திறக்கவில்லை. பணம் தந்தால் திறப்போம் என்று ஆங்கிலத்திலே ஓர் அறிவித்தல் மட்டும் நின்றது. முறையிடச் சென்ற இடத்திலே அவர் சொன்னவை சிங்களத்தில் எழுதப்பட்டன. தமக்கு வாசிக்கத் தெரியாத தாளிலே கையொப்பமிட்டுத் திரும்பினார். கணக்கை இழந்தவர் கடனை நிறுத்தினார். அதனால் அடுப்பெரியாமற் போனது அவர் வீடு மட்டுமன்று. கொழுந்து பறிப்பவளின் வீடுந்தான்.

"என் சின்னக் கடைமேல் யாருக்கு ஐயா பகை?" என்று கேட்டார். எவருக்கும் பகை இல்லை. நம்மவர் பலர் ஏமாறும் இடம் இதுவே. ஆள் வந்து நோட்டம் பார்த்துத் திருடுவதில்லை, யந்திரம் வருகின்றது. இணையத்தின் பழைய முகவரி முறையிலுள்ள முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. அவை அனைத்தையும் ஒரு கணினியைக் கொண்டு முக்கால் மணி நேரத்துக்குள் தட்டிப் பார்க்கலாம் என்பதை 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் செய்து காட்டினர். 2016இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த அறுபது சொச்சம் கடவுச்சொற்களை மாறிமாறிச் சொல்லியே இலட்சக்கணக்கான கருவிகளை அடிமை கொண்டது. மலைநாட்டு இருப்புப்பாதை பதுளையோடு முடிகின்றது; இந்த யந்திரத்தின் பாதைக்கு முடிவில்லை. அதற்குக் கொழும்பு வங்கியும் ஒன்றே, மடூல்சீமைக் கடையும் ஒன்றே. பேதம் இருப்பது பாதுகாப்பிலேதான்! வங்கிக்கு நிபுணர் உண்டு. கடைக்கு எவர் உண்டு?

சட்டம் இல்லையா? இருக்கின்றது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அத்துமீறி நுழைபவனுக்கு ஐந்தாண்டுவரை சிறை என்கின்றது. அந்நிய தேசத்திலே முகமற்றிருப்பவனைப் பிடித்துப் பதுளை நீதிமன்றிலே நிறுத்தப்போவது யார்? கண் கெட்டபின் சூரிய நமஸ்காரம்! கணினி வலையமைப்புகளைக் காப்பதற்கான சட்டமூல வரைவு 2019இல் வெளியாயிற்று. அதிலே அவசரம் காட்டாதவர்கள், மக்களின் வாயைக் கட்டும் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை 2024 சனவரியில் அவசர அவசரமாக நிறைவேற்றினர்.

நமக்குப் புத்தி சொல்லும் அரசாங்கத்தின் யோக்கியதைதான் என்ன? 2023 ஆகஸ்டிலே அரசாங்கத்தின் மின்னஞ்சல் தொகுதியே கப்பம் கேட்கும் நிரலுக்கு இரையாயிற்று. மென்பொருளோ காலங்கடந்தது, அண்மைக் காலத்துக் கடிதங்களுக்குப் பிரதியும் இல்லை. ஏறத்தாழ 5,000 முகவரிகளிலே மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான கடிதங்கள் அழிந்தன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. தன் பெட்டியைப் பூட்டத் தெரியாதவர், பசறைக் கடைக்காரரைக் குறை கூறுவதா?

நாம் கேட்பது தானமன்று, உரிமை. பொதுக் கடவுச்சொல்லுடன் வரும் கருவியை இந்நாட்டில் விற்க இடமளிக்கலாகாது. கலிபோர்ணியா 2020 சனவரியிலும், பிரித்தானியா 2024 ஏப்ரலிலும் இத்தகைய விதியை நடைமுறைப்படுத்தின. கருவிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இதனை ஒரு நிபந்தனையாக்கட்டும். எச்சரிக்கையும் முறைப்பாடும் தமிழிலே நடைபெற வேண்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலே அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் கூறிவிட்டது. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. அந்த அறிவித்தல் வர்த்தமானியோடு நின்றுவிடலாகாது. பதுளையிலேயே, தமிழ் அறிந்த தொழில்நுட்ப அலுவலர் ஒருவர் அமர்த்தப்படல் வேண்டும்.

கோரிக்கையோடு நாமும் நின்றுவிடலாகாது. கருவியுடன் வந்த கடவுச்சொல்லை இன்றே மாற்றுங்கள். கணக்கை வாரந்தோறும் பிரதியெடுத்து, அப்பிரதியைக் கணினியிலிருந்து பிரித்து வேறிடத்திலே பூட்டி வையுங்கள். மென்பொருளைக் காலத்துக்குக் காலம் புதுப்பியுங்கள். 2017 மே மாதத்தில் ஏறத்தாழ 150 நாடுகளைக் கலக்கிய வன்னாக்ரை நிரலுக்கு இரண்டு மாதம் முன்பே மாற்று மருந்து வெளியாகியிருந்தது. பத்துக் கடைக்காரரும், வெலிமடை மரக்கறி விவசாயிகளும் ஒன்றுகூடினால், கணினி படித்து வேலையின்றி நிற்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருவனைத் தமக்குக் காவலாக அமர்த்தலாம்.

1948இல் குடியுரிமைச் சட்டம் நம்மவரை நாட்டின் கணக்கிலிருந்து நீக்கியது. ஏட்டிலே பெயர் அழிந்தால் வாழ்விலே என்ன அழியும் என்பதை மலையகத்தானுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இந்த முறை ஏடு அழியுமுன் விழித்தெழுவோம்!