சரளைப் பாதையில் சைக்கிள்

பிரான்ஸ் தேசத்தில் தார்ச் சாலையை விட்டு, காட்டு வழியிலும் திராட்சைத் தோட்டங்களின் ஊடேயும் சைக்கிள் விடுவதற்கென்றே ஜனங்கள் ரஜா எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு அகன்ற டயர் பூட்டிய தனி வண்டியே உண்டு. அதன் விலையைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றுகிறது!

நாம் ஸ்ரீமுஷ்ணத்தில் சாதாரண சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கினோம். பூவராகப் பெருமாளைச் சேவித்துவிட்டுப் புறப்பட்டால், ஊருக்கு வெளியே செம்மண். இரு மருங்கும் முந்திரித் தோப்பு. பூமிதேவியைத் தூக்கி நிறுத்திய பெருமாளின் ஊரில், சரளை சறுக்கி நாம் பூமிதேவியின் மடியிலேயே விழுந்தோம்.

தென்கிழக்கே போகப் போக முந்திரி மறைந்து நெல்வயல் வருகிறது. காட்டுமன்னார்கோயிலையும் லால்பேட்டையையும் கடந்தால் வீராணம் ஏரி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் (907–955) வெட்டியது. 2004 முதல் சென்னைக்கும் குடிதண்ணீர் தருவது. கல்கியின் வந்தியத்தேவன் குதிரையில் வந்த கரை இதுதான். குதிரையின் உயரத்திலிருந்து அவன் கண்ட காட்சி சைக்கிளுக்கும் கிட்டுகிறது. மோட்டாரில் போகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

தமிழ்நாட்டில் 2005-06 முதல், அரசாங்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கிடைக்கிறது. படிப்பு முடிந்தபின் அது துருப்பிடிப்பதைத்தான் வழியெல்லாம் கண்டோம். சைக்கிள் ஏறுவது கௌரவக் குறைவாம்!

திண்ணையில் இருந்த பையன் ஒருவனிடம், "தம்பி, ஏரிக்கரைக்குச் சைக்கிளில் போனதுண்டா?" என்று கேட்டோம்.

"பஸ்ஸிலே போயிருக்கேன், ஸார்."

"நாளைக்குச் சைக்கிளில் போய்ப் பாரேன்!"

அவன் நமது முழங்கால் காயத்தை ஒரு தடவை பார்த்தான். பதில் சொல்லவில்லை.