வகுப்பறைச் சுவரும் நோவாவின் நீதிமன்றமும்

டெக்சஸ் மாநிலத்தின் ஒவ்வோர் அரசுப் பள்ளி வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்கிறது ஆளுநர் கிரெக் அபாட் 2025 ஜூனில் கையெழுத்திட்ட சட்டம். குறைந்தது 16 அங்குல அகலம், 20 அங்குல உயரம். கடைசி வரிசையில் உட்காரும் பிள்ளைக்கும் எழுத்து தெரிய வேண்டுமாம். 2024இல் லூயிசியானா தொடங்கிவைத்த வேலை இது. யூத, கிறிஸ்தவ, இந்துக் குடும்பங்கள் சேர்ந்தே டெக்சஸ் சட்டத்துக்கு எதிராக நீதிமன்றப் படியேறின. அரசு ஒரு மதத்தின் பக்கம் சாயலாமா என்பதை வழக்கறிஞர்கள் வாதாடட்டும். என் ஆத்திரம் வேறு. கையில் எடுத்த மரபு என்ன சொல்கிறது என்று இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

யூத மரபைப் பொறுத்தவரை சீனாய் மலையில் கிடைத்தது முழுவதும், பத்துக் கட்டளைகள் உட்பட, இஸ்ரவேலரோடு செய்துகொண்ட உடன்படிக்கை. அவர்களுக்கு 613 கட்டளைகள். மற்ற மனிதர்கள் எல்லோரும் பெருவெள்ளத்தில் தப்பிய நோவாவின் பிள்ளைகள். அவர்களுக்கு ஏழே ஏழு. விக்கிரக வழிபாடு, தெய்வ நிந்தனை, கொலை, முறைகேடான உறவு, திருட்டு, உயிருள்ள விலங்கிலிருந்து அறுத்த சதையைத் தின்பது ஆகிய ஆறும் கூடாது. நீதிமன்றங்களை நிறுவ வேண்டும். யூதச் சட்ட நூலான தல்மூதின் சன்ஹெத்ரின் பகுதி தரும் பட்டியல் இது. இதில் ஓய்வுநாள் இல்லை. யூதரல்லாதவர் தனக்கென ஓய்வுநாள் ஏற்படுத்திக்கொள்ளக் கூடாது என்றே 12ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் எழுதிவைத்திருக்கிறார். அந்த ஓய்வுநாளைத்தான் டெக்சஸ் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக மாட்டுகிறது. ஹூஸ்டன் பக்கத்தில் பேர்லண்ட் மீனாட்சி கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அர்ச்சனை செய்துவிட்டுத் திங்கள்கிழமை பள்ளிக்கு வரும் தமிழ்ப் பிள்ளை, சிலை செய்யாதே என்ற கட்டளையின் கீழ் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும்.

அமெரிக்கச் சட்டத்துக்கே பத்துக் கட்டளைகள்தான் அடித்தளம் என்பது ஆதரவாளர்களின் வாதம். இயற்கைச் சட்டத்தைப் பற்றி 1640இல் பெருநூல் எழுதிய ஆங்கிலேயச் சட்ட அறிஞர் ஜான் செல்டன் அடித்தளமாக எடுத்துக்கொண்டது நோவாவின் ஏழு கட்டளைகளை. அவரைப் புரட்டியிருந்தால் இந்த வாதத்தை யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

நோவாவின் வழி ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பிரெஞ்சுக் கத்தோலிக்கரான எமே பாலியேர் யூதராக மாற ஆசைப்பட்டு இத்தாலியின் லிவோர்னோ நகர ரபி (யூத மதகுரு) எலியா பெனமோசேகை நாடினார். மதம் மாற வேண்டியதில்லை, நோவாவின் பிள்ளையாகவே வாழ் என்றார் ரபி. பாலியேர் அந்த வழியை ஏற்றுக்கொண்டார். டெக்சஸிலேயே பிறந்த வெண்டில் ஜோன்ஸ், பாப்டிஸ்ட் போதகராக இருந்தவர், தம் சபையை விட்டு இந்த ஏழு கட்டளைகளைப் பற்றிக்கொண்டார். இன்று பிலிப்பைன்ஸில்கூட இப்படி வாழும் குடும்பங்கள் உண்டு. உன் பெயரை மாற்றாதே, ஊரை மாற்றாதே, யோக்கியமாக நடந்துகொள் என்று வெளியாளிடம் சொல்லும் மார்க்கம் உலகில் அபூர்வம்.

சுலபமான வழி என்றும் நினைத்துவிட வேண்டாம். யூதர் உண்ணும் இறைச்சிக்கு முறைப்படி அறுத்தாலே போதும். நோவாவின் பிள்ளைக்கு விதி இன்னும் கடுமை: அறுத்த பிறகும் துடித்துக்கொண்டிருக்கும் உடலிலிருந்து துண்டு எடுத்திருந்தால் அது அவருக்கு ஆகாது. துடிப்பு முழுதாக அடங்கியிருக்க வேண்டும். இயந்திரப் பட்டை நிற்காமல் ஓடும் நவீன இறைச்சிக் கூடத்தை நினைத்துப் பாருங்கள். இந்த மனிதர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியை எந்த லேபிளும் தாங்கி வருவதில்லை. திருட்டிலும் அப்படித்தான். யூதச் சட்டத்தில் ஒரு பெருத்தா என்ற மிகச் சிறு காசுக்குக் குறைந்த பொருள் வழக்கில் நிற்காது. நோவாவின் பிள்ளைக்கு அந்த விலக்கு கிடையாது. அதற்கும் குறைவானதை எடுத்தாலும் திருட்டுத்தான். கூலியாளின் கூலியைப் பிடித்துவைத்துக்கொள்வதும் இதே திருட்டில் சேரும் என்று மைமோனிடிஸ் தெளிவாகவே எழுதுகிறார்.

ஏழில் ஆறு ‘செய்யாதே’ என்கிறது, ஒன்று மட்டும் ‘செய்’ என்கிறது. அந்த ஒன்றுதான் நீதிமன்றம். தல்மூத் பட்டியலில் முதலில் வருவதும் அதுவே. ஊருக்கு ஊர் நீதிபதிகளை நியமிக்க வேண்டும் என்று விரிக்கிறார் மைமோனிடிஸ். ஆதியாகமத்தில் யாக்கோபின் மகள் தீனாளைச் சீகேம் என்ற இளவரசன் தூக்கிப் போய்க் கெடுக்கிறான். அவள் அண்ணன்மார் சிமியோனும் லேவியும் ஊர் ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டுகிறார்கள். ஒருவன் செய்த குற்றத்துக்கு ஊரே எப்படிப் பொறுப்பாகும்? கண்ணெதிரே நடந்ததைக் கண்டும் அவனை விசாரிக்காமல் விட்டதே ஊரின் குற்றம் என்கிறார் மைமோனிடிஸ். அவருக்குப் பின் வந்த யூத அறிஞர் நாமானிடிஸ் அந்தக் கொலைகளை ஏற்கவில்லை, நானும் ஏற்கவில்லை. ஆனால் வன்முறை, ஏமாற்று, கடன், கூலி என்று சிவில் சட்டம் முழுவதையும் நோவாவின் நீதிமன்றத்துக்குள் கொண்டுவருபவரும் அதே நாமானிடிஸ்தான். விசாரிக்காத சமூகம் குற்றவாளி என்ற எண்ணத்தைவிடக் கடுமையான மத விழுமியம் எனக்குத் தெரியாது.

அந்த அளவுகோலை அமெரிக்காவின் மேல் வைப்போம். குடியேற்ற நீதிமன்றங்களில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 30 லட்சத்துக்கும் மேல். 2025இன் தொடக்கத்தில் அவற்றை விசாரிக்க இருந்த நீதிபதிகள் ஏறத்தாழ 700 பேர். வகுத்தால் ஆளுக்கு நாலாயிரத்துக்கும் அதிகம். ஒரு நீதிபதி ஆண்டுக்கு ஐந்நூறு வழக்குகளை முடித்தாலும், புதிதாக ஒன்றுகூட வராவிட்டாலும், கையில் இருப்பதைத் தீர்க்கவே எட்டாண்டுக்கு மேல் ஆகும். இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடும். தகப்பன் நாட்டில் இருப்பானா, துரத்தப்படுவானா என்பது அதுவரை தெரியாது. இந்த நீதிபதிகள் சுதந்திரமானவர்களும் அல்லர். நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர்கள். அரசு நினைத்தால் வேலையை விட்டு அனுப்பலாம். 2025இல் பலரை அனுப்பியும் விட்டது. மெக்சிகோவோடு மிக நீளமான எல்லையைப் பகிரும் டெக்சஸில் இந்த நெரிசல் தெருவுக்குத் தெரு தெரியும். அங்கே சட்டமன்றம் கூடி, விவாதித்து, வாக்களித்து, வகுப்பறைக்கு ஒரு சட்டகம் வேண்டும் என்று விதித்திருக்கிறது. அதையும் அரசுப் பணத்தில் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லையாம், யாராவது நன்கொடையாகக் கொடுத்தால் மாட்டியே ஆக வேண்டுமாம். இது பக்தி இல்லை. கடவுள் கேட்ட வேலையைச் செய்யாமல், அவர் கேட்காததைச் செய்து கணக்குக் காட்டும் நேர்மையின்மை.

மறுபக்கத்தில் இருப்பவர்களும் என் பொறுமையைச் சோதிக்கிறார்கள். 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் கல்வி நாள் தீர்மானத்தின் முன்னுரையில் நோவாவின் ஏழு கட்டளைகளைக் குறிப்பிட்டது. அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். லூபாவிச் என்னும் யூத இயக்கத்தின் ரபி மெனாகெம் மெண்டல் ஷ்னீர்சனைக் கௌரவிக்கும் ஒரு நாள் அறிவிப்பு அது. அதில் தண்டனையும் இல்லை, கட்டாயமும் இல்லை. கிறிஸ்தவர்களின் தலையை வெட்டும் சதி என்று அதைப் பேசித் திரிபவர்களுக்குப் பதில் சொல்லி இந்த இடத்தை வீணாக்க மாட்டேன். மதத்தை வீட்டோடு வைத்துக்கொள் என்னும் மதச்சார்பின்மைவாதிகளும் பாதிதான் சரி. சுவரிலிருந்து எடு என்றால் சரி. கூலி, இறைச்சி, நீதிமன்றம் பற்றிய ஒரு மனிதனின் மனசாட்சியையும் வீட்டில் பூட்டு என்றால் எப்படி?

விக்கிரக வழிபாட்டுத் தடை நம்மவருக்கு உறுத்தும். உறுத்த வேண்டியதுதான். 2004இல் ஜெருசலேம் ரபி யோசெப் ஷாலோம் எலியாஷிவ், திருப்பதியில் காணிக்கையாக இறக்கிய முடியில் செய்த சவுரிகளை யூதப் பெண்கள் அணியக் கூடாது என்று தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விலை உயர்ந்த சவுரிகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். திருமலையில் பிள்ளைக்கு மொட்டை போட்ட எந்தத் தாய்க்கும் அது வலிக்கும். ஆனால் அதே மரபில் 13ஆம் நூற்றாண்டு புரோவான்சின் ரபி மெய்ரி இருக்கிறார். சமயத்தின் ஒழுங்குக்குக் கட்டுப்பட்டு வாழும் மக்கள் மேல் தல்மூதின் பழைய விலக்குகள் செல்லாது என்றவர். 2008இல் ஜெருசலேமில் இஸ்ரேலின் தலைமை ரபி அமைப்பும் இந்து ஆச்சாரியர்களும் வெளியிட்ட கூட்டறிக்கை, இந்துக்கள் ஒரே பரம்பொருளை வணங்குகிறார்கள், உருவங்களையே கடவுளாகக் கொள்வதில்லை என்று ஏற்றுக்கொண்டது. எனக்கு இது போதும். ஒரு சமூகத்தின் சாமி எது என்பதை அதன் கோயிலில் தேடாமல், அங்கே ஏழைக்கு வழக்கு நடக்கிறதா என்று பார்த்தே மெய்ரி எடைபோட்டிருப்பார் என்பது என் துணிபு.

இந்த ஏழு கட்டளைகளையும் கடவுள் கட்டளை என்று ஏற்பவனே பக்திமான், அறிவால் மட்டும் ஏற்பவன் அறிஞன் என்று மைமோனிடிஸ் பிரித்ததைத் தத்துவ அறிஞர்கள் ஸ்பினோசாவும் மெண்டல்ஸோனும் ஏற்கவில்லை. கூலி கிடைக்காதவனுக்கு முதலாளி பக்தனா அறிஞனா என்பது பொருட்டே இல்லை.

டெக்சஸில் சம்பளம் தராத முதலாளி மேல் மாநிலத் தொழிலாளர் ஆணையத்தில் 180 நாட்களுக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். மொழி தெரியாத, காகிதம் இல்லாத தொழிலாளிக்கு அந்தக் கெடு கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். பெருத்தாவுக்கும் குறைந்ததைத் திருட்டு என்னும் சட்டத்தில் இப்படி ஒரு கெடு இல்லை. 2027 ஜனவரியில் டெக்சஸ் சட்டமன்றம் மறுபடி கூடுகிறது. பத்துக் கட்டளைகளுக்காகக் கை தூக்கிய அத்தனை உறுப்பினர்களும் முதல் வாரத்திலேயே அந்த 180 நாள் வரம்பை நீக்கும் மசோதாவைக் கொண்டுவர வேண்டும். குடியேற்ற வழக்குகளைச் சுதந்திரமான நீதிபதிகளிடம் ஒப்படைக்கச் சொல்லி வாஷிங்டனுக்குத் தீர்மானம் அனுப்ப வேண்டும். அந்த மாநிலத்துத் தேவாலயங்களும் ஜெபாலயங்களும் பேர்லண்ட் கோயிலும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு இதைக் கேட்கட்டும்.