தூக்கி எறிவதா, துலக்கி வைப்பதா?

வீட்டில் சாப்பிட்டு முடித்த எவர்சில்வர் தட்டை என்ன செய்கிறோம்? துலக்கிக் கவிழ்த்து வைக்கிறோம். அடுத்த வேளைக்கும் அதே தட்டுதான். ஆனால் பயணத்தில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை வீசி எறிந்துவிடுகிறோம். "ஒரு முறை பயன்படுத்தி எறிவதே சுகாதாரம், மறுபடி பயன்படுத்துவது ஏழைகளின் வழக்கம்" என்று பலர் எண்ணுகிறார்கள். இந்த எண்ணம் சரிதானா?

சுகாதாரம் உயிர்நாடியாக இருக்கும் ஓர் இடத்தில் இதைச் சோதித்துப் பார்ப்போம். அதுதான் அறுவைச் சிகிச்சைக் கூடம். அதற்கு வெகுதூரம் போகவேண்டாம்; மதுரை அண்ணா நகருக்குப் போனால் போதும்.

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்கு ஒளி தருவதே நோக்கம். புரையை நீக்கியபின் கண்ணுக்குள் வைக்கும் செயற்கை வில்லைகள் அப்போது வெளிநாட்டிலிருந்து வந்தன. ஒன்றின் விலை நூறு டாலருக்கும் மேல்! அதனால் ஏழை நோயாளிகளுக்குக் கனத்த மூக்குக் கண்ணாடியே கிடைத்தது. 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் தொடங்கி வில்லைகளைச் செய்தது. விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அங்கிருந்து பொருள்கள் செல்கின்றன. பொருள் உருவாகும் இடமும் பயன்படும் இடமும் அருகில் இருந்தால், வழங்கல் தொடர் எவ்வளவு எளிதாகிறது பாருங்கள்!

இனி நம் கேள்விக்கு வருவோம். இங்கே அறுவைக் கருவிகளையும் துணிகளையும் பெரும்பாலும் எறிவதில்லை. தூய்மை செய்து, கிருமி நீக்கி, மீண்டும் பயன்படுத்துகிறார்கள். கருவிகளைக் கிருமி நீக்குவது ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலன். நம் வீட்டுப் பிரஷர் குக்கருக்கு அது அண்ணன் என்று சொல்லலாம். அழுத்தம் கூடும்போது நீராவியின் வெப்பம் 121 டிகிரி செல்சியசுக்கு உயர்கிறது. கொதிநீரில் பிழைத்துக்கொள்ளும் கிருமி வித்துகளும் அதில் மடிகின்றன.

இதன் பலனை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. மீயொலி அலையால் புரையைக் கரைத்தெடுக்கும் ஒரு சிகிச்சைக்கு, அரவிந்தில் சேரும் குப்பை கால் கிலோ. வெளியாகும் பசுமை இல்ல வாயுக்கள், கரியமில வாயுக் கணக்கில், சுமார் 6 கிலோ. இதே சிகிச்சைக்கு பிரிட்டனில் வெளியாவதில் இது ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான்!

"அப்படியானால் நோய்த்தொற்று கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அரவிந்தில் நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகளை மற்றோர் ஆய்வு அலசியது. கண்ணுக்குள் ஏற்படும் கடும் தொற்று பத்தாயிரம் பேரில் ஏழு பேருக்கு இருந்தது. சிகிச்சையின் முடிவில் கண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செலுத்தத் தொடங்கியபின் அது இரண்டாகக் குறைந்தது. தொற்றைத் தடுப்பது ஒழுங்கான கிருமி நீக்கமும் சரியான மருந்தும்தான்; குப்பைக் கூடையின் அளவு அல்ல.

இதனால் எல்லாவற்றையும் மீண்டும் பயன்படுத்தலாம் என்று பொருளல்ல. ஊசியையும் சிரிஞ்சையும் ஒருவருக்குப் போட்டபின் இன்னொருவருக்குப் போடவே கூடாது. மேலும், மறுபயன்பாடும் இலவசமன்று. அரவிந்தின் வாயு வெளியீட்டில் பெரும்பங்கு கிருமி நீக்கும் பணியிலிருந்தே வருகிறது என்று அதே ஆய்வு கூறுகிறது. நீராவிக்கு எரிசக்தி வேண்டுமல்லவா? அதைச் சூரியனிடமிருந்து பெற முடிந்தால் அந்தப் பங்கும் குறையும்.

என் கருத்து இதுதான். "ஒரு முறை மட்டும்" என்று பொருளின்மேல் அச்சிடுவது எளிது. விற்பவருக்கு அது லாபமும்கூட. அதற்கு விஞ்ஞானச் சான்று உண்டா என்று ஆலைகளும் ஓட்டல்களும் மருத்துவமனைகளும் கேட்க வேண்டும். சான்று இருந்தால் ஏற்போம். இல்லாவிட்டால் துலக்கி வைப்போம். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை உண்டு. தடை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும்.

மாணவர்களே, அந்தக் கணக்கை உங்கள் பள்ளியிலிருந்தே தொடங்குங்கள். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது எங்கிருந்து வந்தது? எத்தனை முறை பயன்படுகிறது? பிறகு எங்கே போகிறது? விடைகளை ஒரு மாதம் குறித்து வையுங்கள். சிக்கனம் கஞ்சத்தனமல்ல, அதுவும் ஒரு விஞ்ஞானமே என்பது உங்களுக்கே விளங்கும்.