பூனைதானே, தாங்கும்!

கத்திரி வெயில் ஆரம்பித்தால் பூனை வளர்ப்பவர்கள் வாயிலிருந்து தவறாமல் வரும் வசனம் ஒன்று உண்டு. "பூனைதானே சார், அது தன்னைப் பார்த்துக்கும்." நாய்க்காக ஏசி போடுகிறவர்கள்கூடப் பூனை விஷயத்தில் இப்படித்தான் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் இது உண்மையாக இருந்தது. இப்போது இல்லை என்பது என் கட்சி.

கும்பகோணம் பக்கத்து எங்கள் கிராமத்து வீட்டில் பூனையை யாரும் 'வளர்க்கவில்லை'. அது இருந்தது, அவ்வளவுதான். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு மேல் ஆளைக் காணோம். கிணற்றடியில் துவைகல்லுக்கு அடியில், குதிர் இருந்த இருட்டு அறையில், வாழைக்கொல்லை ஈரமண்ணில் என்று ஏழெட்டு இடம் அதற்கு அத்துப்படி. ஓர் இடம் சூடானால் அடுத்த இடம். அதன் சாமர்த்தியம் பாதி என்றால் வீட்டின் தயவு மீதிப் பாதி. மொட்டைமாடிக்கு நேர் கீழே இருக்கிற ஃப்ளாட்டில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு அதே சாமர்த்தியத்தை எதிர்பார்த்தால், அது எங்கே போகும்? வாஷிங் மெஷினுக்குள் போகிறது, பார்க்கிங்கில் காருக்கு அடியில் படுக்கிறது. இரண்டும் ஆபத்து. மெஷினைப் போடுமுன் உள்ளே கையை விட்டுத் துழாவுவது எங்கள் வீட்டில் சட்டம்.

"பூனை பாலைவனப் பிராணி ஆச்சே" என்று சிலர் மடக்குவார்கள். படித்தவர்கள்தான். வாஸ்தவம். வீட்டுப்பூனையின் மூதாதை வட ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியப் பக்கத்துக் காட்டுப்பூனை. ஆனால் அது உச்சிவெயிலில் காய்ந்துகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பகலில் பொந்திலோ புதரிலோ படுத்து, வெயில் தாழ்ந்த பிறகு வேட்டைக்குக் கிளம்பியது. தண்ணீருக்கும் அலையவில்லை. எலியின் உடம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். சாப்பாட்டோடு தண்ணீரும் உள்ளே போய்விடும். அதனால் பூனைக்குத் தாக உணர்ச்சியே குறைவு. நாம் கொட்டுகிற பாக்கெட் உணவில் ஈரம் பத்து சதவீத அளவுதான். தாகம் தெரியாத பிராணிக்குக் காய்ந்த தீனி, அதுவும் மே மாதத்தில். சிறுநீர் கெட்டியாகிறது. ஆண்பூனைக்கு அடைத்துக்கொண்டால் ஓரிரண்டு நாளில் உயிருக்கே உலை. மணல் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து ஒன்றும் வராமல் எழுந்தால் 'மலச்சிக்கல்' என்று வைத்தியம் பார்க்காமல் மருத்துவரிடம் ஓடவேண்டும்.

சரி, என்ன கொடுப்பது? பால் இல்லை. தெனாலிராமன் வளர்த்த பூனை பாலைக் கண்டு ஓடியதே, எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றால் போனால் உடம்பில் இருக்கிற தண்ணீரும் போச்சு. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீரைத் தீனியில் ஊற்றுங்கள். தண்ணீரை அகலமான மண்சட்டியில், தீனித் தட்டுக்குத் தள்ளி, வீட்டில் மூன்று நான்கு இடத்தில் வையுங்கள். மண்சட்டி கசிந்து கசிந்து தண்ணீரைத் தானே குளிர்த்துக்கொள்ளும்.

ஃபேன் ஓடுகிறதே என்கிறீர்களா? நமக்கு உடம்பெல்லாம் வேர்க்கிறது, காற்றுப் பட்டால் குளிர்கிறது. பூனைக்கு வேர்ப்பது பாதத்தில் மட்டும். மற்றபடி ரோமத்தை நக்கி நக்கி ஈரமாக்கிக்கொள்வதுதான் அதன் ஏற்பாடு. மூடிய அறையில் ஃபேன் அனல்காற்றைச் சுற்றிவிடுமே தவிர வேறொன்றும் செய்யாது.

போன வருஷம் மே மாதம் எங்கள் மாடியில் எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பெர்ஷியன் பூனைக்காகப் படுக்கையறையில் 26-ல் ஏசியை ஓடவிட்டு, தண்ணீரும் தீனியும் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுத்தான் போனார்கள். "ரெண்டே நாள் அங்கிள், தாங்கும்" என்றார் அந்தப் பிள்ளை. சாவி எங்களிடம், செடிக்குத் தண்ணீர் ஊற்ற. ஞாயிறு மத்தியானம் இருபது நிமிஷம் கரண்ட் போய் வந்தது. அவர்கள் ஏசி, கரண்ட் வந்தால் தானாக ஓடுகிற ரகம் இல்லை. மேற்குப் பார்த்த அறை வேறு. சாயங்காலம் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போன என் மனைவி, ஏசி சத்தத்தைக் காணோமே என்று கதவைத் திறந்து பார்த்தாள். பூனை வாயைத் திறந்து நாய் மாதிரி இரைத்துக்கொண்டு, எச்சில் ஒழுக, பக்கவாட்டில் கிடந்தது. ஈறு செக்கச்சிவந்திருந்தது. உடம்பை நனைத்து ஆட்டோவில் கொண்டுபோனோம். மூன்று நாள் டிரிப்ஸ் ஏறியது. நான்காம் நாள் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. அந்த வீட்டுப் பெண்குழந்தை மணல் தட்டை எடுக்கவிடாமல் ஒரு வாரம் அழுதாள்.

மின்சாரத் துறையில் 34 வருஷம் குப்பை கொட்டியவன் நான். மே மாதத்தில் கரண்ட் போகாது என்று யாருக்கும் எழுதிக்கொடுக்க மாட்டேன். ஏசி என்பது ஆள் இருக்கும்போது சௌகரியம். ஆள் இல்லாத வீட்டில் அதை நம்பிப் பூனையைப் பூட்டிவைப்பது என்னைப் பொறுத்தவரை சரியே இல்லை. உள்கதவுகள் திறந்திருக்கவேண்டும், பாத்ரூம் தரையாவது அதற்குக் கிடைக்கவேண்டும். தினம் இரண்டு வேளை ஓர் ஆள் நேரில் வந்து பார்க்கவேண்டும். அதற்கு ஆள் கிடைக்காவிட்டால் கல்யாணத்துக்கு ஒருவர் குறைவாகப் போகலாம். இதைச் சொன்னதற்கு என்னைக் கிறுக்கு என்றவர்களும் உண்டு.

நாய் இரைத்தால் அது வழக்கம். பூனை வெயிலில் வாயைத் திறந்து இரைத்தால் அவசரம். அதன் சாதாரண உடல் வெப்பமே 38-லிருந்து 39 டிகிரி வரை. 40-ஐத் தாண்டினால் கவலை, 41-ஐத் தொட்டால் உயிராபத்து. குழாய்த் தண்ணீரால் வயிறு, பாதம், காதை நனைத்து, இப்போது ஃபேன் போடுங்கள். ரோமம் ஈரமாக இருப்பதால் பலிக்கும். ஐஸ் தண்ணீர் வேண்டாம், ரத்தக்குழாய் சுருங்கி உள்சூடு வெளியேறாது. ஈரத்துண்டைச் சுற்றி அப்படியே விடவும் வேண்டாம். வாயில் தண்ணீரைப் புகட்டினால் புரையேறும். உடம்பு கொதிக்கிறதே என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். சற்றுத் தெளிந்தமாதிரி தெரிந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோயே ஆகவேண்டும். உள்ளே நடந்த சேதம் பிறகுதான் தெரியவரும்.

பெர்ஷியன் மாதிரி சப்பை மூஞ்சிக்காரர்களுக்கு இரைத்துக் குளிர்த்துக்கொள்ளக்கூட மூக்கு ஒத்துழைக்காது. குளிர்தேசத்துக் கம்பளியோடு பிறந்ததை நம் ஊருக்கு ஏன் வாங்கவேண்டும் என்று கேட்டால் சண்டைக்கு வருவார்கள், விடுங்கள். வாங்கியாயிற்று, தினமும் சீவிவிடுங்கள். மழுங்க மொட்டை அடிப்பது வேண்டாம். அந்த ரோமம் வெயில் நேராகத் தோலில் படாமலும் காக்கிறது.

இன்னொன்று. காற்றுக்காக ஜன்னலைத் திறக்கிற மாதமும் இதுதான். நியூயார்க்கில் ஒரே மருத்துவமனைக்கு ஐந்து மாதத்தில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகள் வந்ததாக 1987-ல் இரு கால்நடை மருத்துவர்கள் எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன என்றாலும், 'பூனை எங்கே விழுந்தாலும் நாலு காலில் நிற்கும்' என்று அலட்சியமாக இருக்க முடியாது. நம் அடுக்ககங்களில் பால்கனிக்குக் கட்டுகிற புறா வலையே போதும். கொசுவலை தாங்காது, பூனை நகத்தில் ஒரே நாளில் கிழிந்துவிடும்.

எதிர் ஃப்ளாட்டில் இப்போது ஒரு நாட்டுப்பூனைக் குட்டி வந்திருக்கிறது. இந்த வாரம் அவர்கள் ஊருக்குப் போகிறார்கள். காலை எட்டு மணிக்கு நான், சாயங்காலம் நான்கு மணிக்கு என் மனைவி என்று முறை போட்டாயிற்று.