கொடுத்தவரே திரும்ப வாங்கணும்

லினக்ஸ்ல ஒழுங்கா ஓடுற ப்ராஜெக்ட் விண்டோஸ்ல கிராஷ் ஆகுதா? டிஎல்எல் மாலாக் செய்த மெமரியை மெயின் புரோகிராம் ஃப்ரீ செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

லினக்ஸில் பொதுவாக எல்லா லைப்ரரியும் ஒரே மாலாக்கைப் பகிர்வதால் தப்பு வெளியே தெரியாது. விண்டோஸில் ஒவ்வொரு டிஎல்எல்லும் வேறு சி ரன்டைமோடு வரலாம். டிபக் பில்டும் ரிலீஸ் பில்டும் கலந்தாலே சிக்கல்தான். ஒரு கடையில வாங்கின டோக்கன் இன்னொரு கடையில செல்லுமா?

"எல்லாரும் ஒரே ரன்டைமை லிங்க் பண்ணா போதுமே" என்பார்கள். நம்ம டிஎல்எல்லை யார் எந்த கம்பைலரோடு சேர்ப்பார்கள் என்பது நம் கையில் இல்லையே! மெமரி கொடுக்கும் லைப்ரரியே அதை விடுவிக்கும் ஃபங்ஷனையும் தர வேண்டும். எஸ்க்யூலைட்டும் லிப்கர்லும் தனி ஃப்ரீ ஃபங்ஷன் தருவது இதற்காகத்தான்.

ரிவ்யூவுக்கு முன்னாடி ஹெடர் ஃபைலைத் திறங்க. ஒவ்வொரு கிரியேட்டுக்கும் ஒரு டெஸ்ட்ராய் இருக்கா?