எண்ணிக் காட்டு என்றால் ஏன் கசக்கிறது?

வரைபடங்களும் புள்ளித் திரள்களும் ஆய்வுக்கூடத்துக்கு உரியவை, இலக்கியமும் வரலாறும் கலையும் பயில்கிறவர்கள் அவற்றைக் கையில் எடுப்பது கடன் வாங்கிய பவிசு என்று மூத்த பேராசிரியர் ஒருவர் நீண்ட கட்டுரை எழுதியிருக்கிறார். தரவுகளைக் காட்சிப்படுத்தும் முறைகள் மனிதவியலைக் கெடுக்கின்றன என்பது அவருடைய தீர்ப்பு. அதில் அதட்டல் ஏராளம், சான்று சொற்பம். வயதுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போயிருப்பேன். ஆனால் அவர் சொல்வதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, தங்கள் ஆய்வேடுகளிலிருந்து நிலப்படங்களைப் பிய்த்தெறியக் காத்திருக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகவாவது அந்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதல் வாதம், இந்தக் கலை அறிவியலிலிருந்து நமக்கு வந்த கடன் என்பது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று பேராசிரியர் ஆண்டுகளைப் பார்த்தாரா? காலத்தை ஒரு கிடைக்கோடாக நீட்டி, அதன்மேல் ஒவ்வொரு மனிதரின் ஆயுளையும் ஒரு கோட்டுத் துண்டாகப் பொருத்திய ஜோசப் பிரீஸ்ட்லியின் வாழ்க்கை வரலாற்று வரைபடம் வெளிவந்தது 1765-இல். ஆக்சிஜனோடு பின்னாளில் பெயர் ஒட்டிக்கொண்ட அதே பிரீஸ்ட்லிதான், ஆனால் அப்போது அவர் இங்கிலாந்தின் வாரிங்டனில் மொழியும் வரலாறும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த ஆசிரியர். யார் யாருக்குச் சமகாலத்தவர் என்பதை மாணவர்கள் ஒரே பார்வையில் பிடித்துக்கொள்ளவே ஏறத்தாழ 2000 பேரை ஒரே தாளில் அடுக்கினார். வில்லியம் பிளேஃபேர் இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதியைக் கோட்டுப் படங்களாக வரைந்து வெளியிட்டது 1786-இல், அதாவது 21 ஆண்டுகள் கழித்து. காலத்தைக் கோடாக்கும் வித்தையை வரலாற்று வகுப்பறை முன்பே பழகியிருந்தது என்னும்போது, சொந்த வீட்டுச் சொத்தைக் கடன் என்று சொல்லி வெளியே தள்ளுகிற இந்த அவசரம் எதற்கு?

இரண்டாவது வாதம், எண்களே போதும், படம் என்பது எண்களைப் படிக்கத் தெரியாதவர்களுக்கான ஊன்றுகோல் என்பது. புள்ளியியல் படிக்கும் இளங்கலை மாணவரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவரே திருத்தியிருப்பார். பிரான்சிஸ் அன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-இல் நான்கு சிறு தரவுத் தொகுப்புகளை முன்வைத்தார். ஒவ்வொன்றிலும் 11 இணைகள். நான்கிலும் கிடையச்சு மதிப்புகளின் சராசரி 9, குத்தச்சு மதிப்புகளின் சராசரி ஏறத்தாழ 7.5, ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.82. எண்களை மட்டும் நம்புகிறவருக்கு நான்கும் ஒன்றேதான். வரைந்து பார்த்தாலோ ஒன்று சிதறலான நேர்கோடு, மற்றொன்று அழகான வளைவு, மூன்றாவது ஒரேயொரு புள்ளி மட்டும் விலகி நிற்கும் கோடு, நான்காவதில் பத்துப் புள்ளிகள் ஒரே செங்குத்தில் நிற்க, தனித்த ஒரு புள்ளிதான் ஒட்டுறவு என்ற தோற்றத்தையே உண்டாக்குகிறது. சுருக்க எண்களின் பின்னால் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தது படம். இதுவா ஊன்றுகோல்? கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதைப் பேராசிரியர் பயிற்சி என்று நினைக்கிறார்.

மூன்றாவது வாதத்தில்தான் அவருடைய தராசு முற்றாகச் சாய்கிறது. அறிவியலார் தரும் படம் கருவி தந்த சாட்சியமாம், மனிதவியலார் தரும் படம் மட்டும் விருப்பப்படி செய்த வியாக்கியானமாம். மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி. 2019 ஏப்ரலில் உலகம் முழுவதும் வியந்து பார்த்த கருந்துளையின் முதல் படத்தையே எடுத்துக்கொள்வோம். பல இடங்களில் அமைந்த எட்டு வானொலித் தொலைநோக்கிகள் பதிவு செய்தவை மனிதக் கண்ணுக்கு எட்டாத அலைகள். அந்த ஆரஞ்சு நிறம் மனிதர்கள் தேர்ந்தெடுத்தது. தொலைநோக்கிகளுக்கு இடையே விடுபட்டுப் போன தகவல்களைக் கணக்கீட்டு முறைகளால் ஈடுகட்டித்தான் அந்த வளையத்தை உருவாக்கினார்கள். வியாக்கியானம் புகுந்துவிடும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்ததால்தான் நான்கு குழுக்களைப் பிரித்து, ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாமல் தனித்தனியே படத்தை உருவாக்கச் சொன்னார்கள். வியாக்கியானம் நுழையும் இடத்தை ஒப்புக்கொண்டு அதற்குக் காவல் போட்டது அவர்களுடைய பெருமை. அந்தக் காவலைக் கற்றுக்கொள்ளச் சொல்லியிருந்தால் பேராசிரியருக்கு நானே நன்றி சொல்லியிருப்பேன். அவரோ வியாக்கியானமே இல்லை என்று சாதிக்கிறார்.

அவரே ஆதாரமாகக் காட்டும் மருத்துவர் ஜான் ஸ்னோவின் காலரா நிலப்படமும் அவர் காலைத்தான் வாருகிறது. 1854-இல் லண்டன் சோஹோ பகுதியில் காலராவில் இறந்தவர்களை ஸ்னோ தெருவாரியாகக் குறித்தார், படமே உண்மையைக் கூவிவிட்டது என்கிறார் பேராசிரியர். அதே சாவுகளை அன்றைய பொதுச் சுகாதார வாரியத்தின் குழுவும் நிலப்படத்தில் குறித்தது என்பதும், குறித்துவிட்டுக் குற்றவாளி கெட்ட காற்றுதான் என்று முடிவு கட்டியது என்பதும் அவருக்குத் தெரியாதா, தெரிந்தும் மறைத்தாரா? ஸ்னோவை வெல்ல வைத்தது புள்ளிகளை வாசித்த விதம். காலராவைப் பரப்பியதாக அவர் சந்தேகித்த தெரு அடிகுழாய்க்கு அருகிலேயே இருந்த ஏழைகள் விடுதியில் சாவு ஏன் இவ்வளவு குறைவு? அங்கே தனிக் கிணறு இருந்தது. பக்கத்து மதுவடிப்பாலைத் தொழிலாளர்கள் ஏன் தப்பினார்கள்? அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. புள்ளி விழாத இடங்களையும் சாட்சிக்கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்ட இந்த வாசிப்பு, ஏட்டில் விடுபட்ட வரியைக் கவனிக்கும் பதிப்பாசிரியரின் வாசிப்பு அல்லவா?

நான்காவது வாதம், படம் ஏமாற்றும், ஆகவே ஒதுக்கு என்பது. இரண்டாம் வாதத்தில் எதையும் புதிதாகச் சொல்லாத ஊன்றுகோலாக இருந்த படம், சில பக்கங்கள் தள்ளி ஊரையே மயக்கும் மாயாவியாக எப்படி மாறியது? படம் ஏமாற்றக்கூடும், மறுக்கவில்லை. 1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்ணோடம் ஏழு பேருடன் சிதறியது. ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் குளிரில் செயலிழந்ததே காரணம். விசாரணை ஆணையம் காட்டியது இதுதான்: சேதம் கண்ட முந்தைய பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு வைத்துப் பார்த்தால் தெளிவான தொடர்பு தென்படாது. சேதமில்லாத பயணங்களையும் அதே படத்தில் ஏற்றினால், 66 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம், 63 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த நான்கிலுமே சேதம். விபத்து நடந்த காலையில் இணைப்பு உறைநிலையை ஒட்டிய குளிரில் இருந்தது. அரைகுறைப் படம் மறைத்ததை முழுப் படம் காட்டியது. பொய்ப் படத்துக்கு மருந்து நேர்மையான படம். பொய் சொல்லும் சொற்கள் இருப்பதால் பேராசிரியர் எழுதுவதை நிறுத்திவிட்டாரா?

கடைசி வாதம் உணர்ச்சிமயமானது. மனிதரைப் புள்ளியாக்குவது மனிதத்தை அவமதிப்பதாம். வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு சேர்ந்து கையால் தீட்டிய வண்ணப் படங்களைப் பேராசிரியர் பார்க்க வேண்டும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு நிலம் வாங்கினார்கள், எத்தனை பேர் எழுதப் படிக்கக் கற்றார்கள் என்பதை, அவர்களை மனிதராகவே மதிக்காத உலகத்தின் முகத்துக்கு நேரே நீட்டிய படங்கள் அவை. அவமதித்தது யார், மீட்டது யார்?

நம்மூர்ச் சான்றும் உண்டு. கல்வெட்டுகளில் வரும் ஊர்ப் பெயர்களை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டு, சோழ நாட்டின் ‘நாடு’ என்னும் பிரிவுகளை நிலப்படத்தில் ஏற்றிய எ. சுப்பராயலுவின் நூல் 1973-இல் வந்தது. ஆறுகள் பல நாடுகளுக்கு எல்லையாக இல்லாமல் ஊடே ஓடுவதை அந்தப் படங்கள் காட்டின. அரசன் மேலிருந்து கோடு கிழித்த பிரிவுகளல்ல, உழவர் குடியிருப்புகள் கூடி வளர்ந்த தொகுதிகள் அவை என்ற முடிவுக்கு அது வலுச் சேர்த்தது. பெயரற்ற உழவர்களின் வரலாற்றை மெய்க்கீர்த்தியின் அடியிலிருந்து வெளியே எடுத்தது எந்த அலங்கார நடை? புள்ளியும் கோடும்தான்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கேள்வி மிஞ்சுகிறது. படித்த மனிதர் ஏன் இப்படி எழுதுகிறார்? தரவைப் படமாக்குகிறவர் எதை எண்ணினார், எதை விட்டார், எங்கே கோடு போட்டார் என்பதை வெளியே வைத்தாக வேண்டும். வைத்துவிட்டால் இருபது வயது மாணவிகூட அதைச் சரிபார்த்து, தவறு என்று சொல்லிவிட முடியும். ‘நான் ஐம்பது ஆண்டுகளாகப் படித்தவன், சொல்கிறேன், நம்பு’ என்ற பீடத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து வேறில்லை. மனிதத்தின் பெயரால் அவர் காப்பாற்ற நினைப்பது அந்தப் பீடத்தைத்தான். பேராசிரியர் தம் நூல்களில் எந்தச் சான்றுகளிலிருந்து எந்த முடிவுக்கு வந்தார் என்பதை அட்டவணையாக்கி வெளியிடட்டும். நாங்கள் வரைந்து பார்க்கிறோம். முடிவு நின்றால் முதலில் ஒப்புக்கொள்பவன் நானாக இருப்பேன், விழுந்தால் அவரும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.