பழைய நெல்லும் தரகரும்

ஸ்காட்லாந்தின் விஸ்கி வணிகத்தைப் பற்றி அண்மையில் ஒரு கட்டுரை வாசித்தேன். (குடிப்பழக்கம் இல்லாதவன் நான், நண்பர்கள் நம்பலாம்.) வடித்தெடுத்த சரக்கு ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் கிடந்தால்தான் அங்கே சட்டப்படி அதற்கு ஸ்காட்ச் என்ற பெயர் கிடைக்கும். ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகிப் போய்விடுகிறது. அதற்குத் தேவதைகளின் பங்கு என்று பெயராம். என்னைக் கவர்ந்தவர் அங்குள்ள பீப்பாய்த் தரகர். வடிப்பவருக்கும் கலந்து விற்பவருக்கும் நடுவில் நின்று, எந்தக் கிடங்கில் எத்தனை வயதுச் சரக்கு கிடக்கிறது என்று தெரிந்து வைத்துக் கைமாற்றி விடுபவர். வாசித்து முடித்ததும் எங்கள் ஊர் நெல் தரகரின் முகம்தான் நினைவில் வந்தது.

காவிரிப் படுகையிலும் வயதுக்கு விலை உண்டு. தையில் அறுத்த சம்பாவை உடனே அரைத்து வடித்தால் சோறு குழையும். ஓராண்டு கிடந்த நெல்லின் அரிசியோ நீரை நிறையக் குடித்து, நீண்டு, உதிரியாக நிற்கும். உள்ளிருக்கும் புரதம் நாள்பட இறுகுவதுதான் இதற்கு முக்கியக் காரணம் என்று வேதியியல் துறை நண்பர் விளக்கினார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்த விளக்கம் தேவைப்பட்டதில்லை. 'பழசா?' என்ற ஒற்றைக் கேள்வியில் எல்லாம் அடங்கிவிடும்.

எண்பதுகளின் இறுதியில் தாத்தா வீட்டுப் பத்தாயத்தைப் பார்க்க அந்தத் தரகர் சைக்கிளில் வருவார். துண்டின் முனையில் நாலைந்து வீட்டு நெல் மாதிரிகள் தனித்தனியாக முடிந்திருக்கும். ஒரு பிடி எடுத்து உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஒரு மணியைப் பல்லிடுக்கில் வைத்துக் கடிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டே காய்ச்சலையும் வயதையும் சொல்லிவிடுவார். "இது போன வருஷத்து நெல்லு இல்லீங்க, அதுக்கு முந்தினது" என்று ஒருமுறை அவர் சொல்லத்தான் தாத்தாவுக்கே நினைவு வந்தது. அன்று மூட்டை என்றால் இரண்டு கலம். மூட்டைக்கு இவ்வளவு என்று தரகு. எழுத்தில் ஒன்றும் கிடையாது.

ஆனால் எந்தப் பத்தாயத்தில் என்ன கிடக்கிறது என்பதோடு, எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் கடன் என்பதும் அவருக்குத் தெரியும். அவருடைய பலம் இந்த இரண்டாவது அறிவில்தான் இருந்தது. அத்தையின் கல்யாணத்தின்போது பங்குனியிலேயே பத்தாயம் காலியானது. "வச்சிருந்தா ஆடியில ஏறும், அய்யா. ஆனா உங்களுக்கு இப்பப் பணம் வேணும்" என்று சொல்லிவிட்டுத்தான் விலை பேசினார். ஆடியில் ஏறத்தான் செய்தது. கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். தாத்தா அவரைக் குறைசொல்லி நான் கேட்டதில்லை. "அவன் பொய் சொல்லலை" என்பார். எனக்கு அந்தச் சமாதானம் இன்றுவரை முழுதாக ஒப்பவில்லை. காத்திருக்க முடிந்தவனுக்கே காலத்தின் கூலி. விதைத்தவனுக்கு அது கிடைப்பது அரிது.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுநிலையை நுகத்தின் நடு ஆணிக்கு ஒப்பிடும். வகுப்பில் இதை நடத்தியபோது விவசாயி வீட்டுப் பையன் ஒருவன் எழுந்து, "நடுவுல நிக்கிறவருக்கு கமிஷன் எவ்வளவு சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன்.

'இடைத்தரகர்களை ஒழிக்க வேண்டும்' என்பது எங்கள் ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் முழக்கம். 1972இல் உருவான தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடிக் கொள்முதல் நிலையங்கள் அதற்கான விடையாகச் சொல்லப்படுகின்றன. விவசாயியின் காலடியில் ஒரு தரையை அவை போட்டுக் கொடுத்தன, மறுப்பதற்கில்லை. 2025-26 பருவத்திற்குக் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். வெளியில் இதற்கும் கீழே கேட்கும் வியாபாரியிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் தெம்பு இதனால்தான் வந்தது. ஆனால் நிலையத்தின் தராசு ரகத்தையும் 17 விழுக்காடு ஈரப்பதத்தையும்தான் பார்க்கும். வயது அதற்குத் தெரியாது. 2025 அக்டோபர் மழையில் படுகையெங்கும் நிலைய வாசல்களில் நெல் குவிந்து நனைந்ததையும், ஈரப்பத வரம்பை 22 விழுக்காடாக்கும்படி மாநில அரசு கேட்டதையும் பார்த்தோம்.

அந்த வாசலில்தான் இன்னொருவர் முளைத்திருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிலையத்தில் என் தந்தை தார்ப்பாயை மூடுவதும் விரிப்பதுமாக ஒன்பது நாள் காத்திருந்தார். சிப்பத்துக்கு ஒரு தொகை கொடுத்தால் இன்றே எடை போடலாம் என்று ஒருவர் வந்து சொன்னார். அவர் நெல்லைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இவரையும் நாம் தரகர் என்றே அழைக்கிறோம். தமிழ் இவ்வளவு கருமியாக இருக்க வேண்டியதில்லை. முன்னவர் விற்றது அறிவு, அதில் சூதும் கலந்திருக்கலாம். இவர் விற்பது வரிசையில் ஓர் இடம். வரிசை நீளும்வரைதான் இவருக்குப் பிழைப்பு. இருவரையும் ஒரே முழக்கத்தில் ஒழிக்கக் கிளம்பி, அறிவுள்ளவரை அனுப்பிவிட்டு மற்றவரை வைத்துக்கொண்டோம் என்பதே என் மனக்குறை.

தரகரை ஒழிப்பதைவிட விவசாயியைக் காத்திருக்கச் செய்வதே நியாயமான வழி என்று தோன்றுகிறது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் நெல்லை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்க ஏற்பாடு இருக்கிறது. கிடங்கு ரசீதை வைத்துக் கடன் பெற 2007இலேயே சட்டமும் வந்துவிட்டது. எங்கள் தெருவில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தேன். இரண்டு பேர், அதில் ஒருவர் ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்.

பத்தாயத்துப் பலகைகள் இப்போது பரண் தட்டாகிவிட்டன. விளைந்ததை நிலையத்தில் போட்டுவிட்டுச் சாப்பாட்டு அரிசியைக் கடையில்தான் வாங்குகிறோம். புது அரிசியையும் நீராவி கொடுத்துப் பழசைப் போல நடக்கவைக்கிறார்கள் ஆலைக்காரர்கள். பையில் பொதி கட்டிய தேதி இருக்கிறது, அறுத்த மாதம் இல்லை. சென்ற வாரம் கடைக்காரர் "ஒரு வருஷப் பழசு" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அப்பா நான்கு மணிகளை எடுத்து வாயிலிட்டுக் கடித்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்தார்.